வாடி பிரிக்கும் முன் கூப்பிடும் பெயர்கள்

குறிஞ்சிப்பிட்டி,
ஜூலை, ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதுவது.

என் தங்க மகள் யூஜினிக்கு,

புனித அன்னம்மாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தன்பாட்டில் முனகிக்கொண்டிருக்கிறது, அதை விடு. கோடை என்று நீ சொல்லும் அந்தப் பின்லாந்துக் குளிரில் நீ சுகமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். போன கிழமை போனில் பார்த்தேன், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பாணும் தேத்தண்ணியும் சாப்பாடு இல்லை மகள். இதைப் போனில் சொன்னால் வேலை இருக்கிறதம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள், தாள் பின்னால் தபாலில் வரும். தோட்டத்து வெங்காயம் இந்த முறை பரவாயில்லாமல் விளைந்தது. அப்பாவின் கடைவாய்ப் பல்லைச் சிலாபம் ஆஸ்பத்திரியில் பிடுங்கியாயிற்று. எந்தக் காற்றுக்கும் பயப்படாத மனுஷன், அந்தக் கதிரையில் ஏறினதும் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். வெளியே வந்து வலிக்கவே இல்லை என்று எல்லோருக்கும் கதை சொல்கிறார், நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இனி நீ கேட்ட விஷயம். காத்துச்சேதியை வைத்திருக்கும் இடத்தை மூடப்போகிறார்கள், தலவில அன்னம்மா பெருநாளுக்கு முன் வேறு இடம் பார்க்க வேண்டும், உன்னோடு சேர்ந்து எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், நம் வள்ளக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாய் அல்லவா. அப்பா அதைப் பெரிய விஷயமாக எடுத்து, போன வெள்ளிக்கிழமை எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். தேத்தண்ணி ஊற்றியே என் இடுப்பு போய்விட்டது. விளக்கமும் அவரே கொடுத்தார். நம் போனில் காலையில் காற்றைச் சொல்கிறதே காத்துச்சேதி, அது யூஜினியும் கண்காணாத தேசத்துப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதுவது, யாரும் திறந்து பார்க்கலாம், பிழை என்றால் யாரும் திருத்தலாம், காசு இல்லை, ஆனால் அதை எழுதி வைக்க ஒரு இடம் வேண்டும். ஒரு பெரிய கம்பெனி சும்மா இடம் தருகிறதாம். ஜெர்மனியில் ஒரு சங்கம் இருக்கிறதாம், அங்கத்தவர் சந்தா போட்டு நடத்துகிறார்கள், எதையும் எல்லோரும் கூடித்தான் முடிவெடுப்பார்களாம். அதுவும் இல்லையென்றால் யூஜினி தன் அறையிலேயே ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளலாமாம். அப்பா சொன்னது சரிதானே?

இவர்களுக்கு இடம் என்றால் ஒன்றுதான் தெரியும், மீன் பருவத்துக்குக் கடற்கரையில் கிடுகால் அடிக்கிற வாடி. அதனால் எல்லாக் கேள்வியும் வாடிக் கேள்வியாகவே வந்தது. நிலம் யாருடையது, தண்ணீர் இருக்கிறதா, முதல் மீனைத் தா என்று கேட்பானா, கச்சான் காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்றுகூட ஒருவர் கேட்டார். உன் அறை வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், அங்கே பனி, பெட்டி உறைந்து போகுமாம். சிரிக்காதே, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கைருன்னிஸாவின் புருஷன் உசனார் நானா கம்பெனி வேண்டாம் என்றார். ஹோட்டல் கட்ட ஆள் வருமட்டும் நம்மையும் சும்மாதானே மணலில் இருக்க விட்டார்கள், எழும்பு என்றதும் எழும்பினோம், நம்மிடம் யார் கேட்டார்கள் என்றார். சங்கம் என்றால் கூட்டம் வைத்தாவது சொல்வார்களாம். உடனே கைருன்னிஸா, கூட்டம் கூட்டம் என்று இழுத்தடித்தே ஆளைக் கொல்லுவார்கள், கம்பெனி என்றால் வேலை நடக்கும் என்றாள். புருஷனும் பெண்சாதியும் என் முற்றத்தில் நின்று வாய்ச்சண்டை. கடைசியில் கூடுதலான ஆட்கள் சங்கத்துக்கே கை தூக்கினார்கள். அதை அப்படியே உனக்கு அறிவிக்கிறேன், நீ படித்தவள், எந்த இடம் என்று நீயே பார்.

ஆனால் நான் பேனையை எடுத்தது அதற்கில்லை. போன ஞாயிறு நீ போனில் இன்னொன்றும் சொன்னாய். எங்கே போனாலும் முதலிலிருந்து யார் யார் எதை எழுதினார்கள் என்ற பழைய வரலாறு முழுவதையும் கொண்டுபோகத் தேவையில்லை, அது பெரிய பாரம், இப்போது இருப்பதை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்கலாம், அது லேசு என்று. அப்படியென்றால் தம்பி றொபி எழுதினது என்னாகும் என்று கேட்டேன். சொற்கள் இருக்கும் அம்மா, யார் எழுதினார்கள் என்ற பெயர்தான் இராது என்றாய். கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை அப்பாவிடம் கொடுத்தேன். கறி ஒன்றும் அடிப்பிடிக்கவில்லை.

மகள், அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்க்க உனக்கு ஏலாமல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் தம்பி வாடியில் இருந்துகொண்டு விரலால் தட்டித் தட்டிக் காற்றுச் சொல்லெல்லாம் எழுதி அனுப்பினான், காத்துச்சேதி வேலை செய்யத் தொடங்கும் முன்னே கடலோடு போய்விட்டான். இன்னும் கொஞ்சம் கெதியாக முடித்திருந்தால் என்று நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். அது உன் பிழை இல்லை. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். இன்றைக்கும் காலையில் போன் பேசுவது அவன் எழுதின சொல்தான், கச்சான் கிளப்புது, இண்டைக்கு வள்ளம் தள்ளாதீங்க என்று. அப்பா ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றம் கூட்டுகிறார். உயிரோடு இருந்தபோது அவன் சொன்ன எதையாவது கேட்டாரா!

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. பருவம் முடிந்து தீவில் வாடி பிரிக்கும்போது உசனார் நானா வள்ளம் வள்ளமாகப் பெயர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் இருக்கிறேன் என்று ஓம் சொன்ன பிறகுதான் கூரையின் முதல் கிடுகைக் கழற்றுவார்கள், அது உனக்குத் தெரியும். றொபி கடலில் போன அந்த வருடம், பருவம் முடிந்து கச்சான் காற்றும் பிறந்துவிட்டது, தேடிப்போன வள்ளங்களெல்லாம் வெறுமனே திரும்பி வந்துவிட்டன, ஆனாலும் ஒருத்தரும் வாடியில் கை வைக்கவில்லை. எத்தனை நாளைக்கு இருப்பார்கள், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. கடைசியில் அப்பாவே போய் உசனார் நானாவிடம் கூப்பிடச் சொன்னார். நான் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். உசனார் நானா றொபியின் பெயரையும் கூப்பிட்டார், கிடுகு படபடவென்று அடிக்கிற சத்தம்தான் கேட்டது. மற்றுமொருதரம் கூப்பிட்டார். அப்பா ஓம் என்றார். அதன் பிறகுதான் எல்லோரும் கழற்றினார்கள். இப்போதும் ஒவ்வொரு பருவமும் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்கள், விட்டுவிட்டுக் கூப்பிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அப்பா ஓம் சொல்கிறார், சாமானைத் தூக்குகிறார், வருகிறார்.

இதை உன் கூட்டாளிகளிடம் சொல்வதா இல்லையா என்பது உன் விருப்பம். பாரமாக இருந்தால் இருக்கட்டும், உன்னால் முடியும் என்றால் கொண்டுபோ. முடியவே முடியாது என்றால் அம்மா கோபிக்க மாட்டேன், அழுவேன், அவ்வளவுதான்.

கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன், அங்கே வருகிறவர் யாரையாவது பிடித்து அனுப்புகிறேன், பக்கத்து அறைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொரி. இரவில் தலையை நனைக்காதே. பூசைக்குப் போக ஏலாவிட்டாலும் படுக்கும் முன் ஒரு அருள் நிறை மரியே சொல். அன்னம்மா உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், உன்னோடு எழுதுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், சண்டை பிடிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒன்றை மட்டும் மறவாதே மகள், இடம் மாறுகிற அன்றைக்கு எல்லோருடைய பெயரையும் ஒருதரம் வாசி. றொபியின் பெயர் வரும்போது நீ ஓம் சொல்.

உன் அம்மா,
மக்தலேனா மனுவேல்