என் ஹார்ட் டிஸ்க், பேசில் காணிக்கை

6 ஜனவரி 1998, செவ்வாய்

கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். கால் வீங்கிவிட்டது. ஓபிஸில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், அத்தனை ஷிப்பிங் பில்லும் என் தலையில். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் என் ரயில்களோடு உட்காரலாம் என்பதுதான் நாள் முழுக்க இருந்த ஒரே ஆசை.

கம்ப்யூட்டர் டக் டக் என்றது. போன வாரத்திலிருந்தே அந்தச் சத்தம் இருக்கிறது, இன்று கொஞ்சம் அதிகம். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். "ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்லா, டிவி மாதிரிதான்" என்று பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே! உள்ளே கிறீச்சென்று ஏதோ உரசியது. அப்புறம் கறுப்புத் திரை. அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "பழசாயிடுச்சி" என்றான்.

நான் என்ன விளையாடுகிறேன் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. திரையில் தெரிகிற காலி நிலத்தில் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் வாங்கி விட்டு, நிலக்கரியும் தபாலும் ஆட்களும் ஏற்றி ஒரு கம்பெனியை நடத்த வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து ஒரே நிலத்தில் கட்டிக்கொண்டு வந்தேன். மலையைக் குடைந்து ஒரு பாதை போட மட்டும் எத்தனை நாள் யோசித்தேன்! அண்ணனுக்கு அது பொம்மை ரயில். "முப்பத்தாறு வயசுல பொம்மை ரயில் ஓட்டுறா பாரு" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பான். அவன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காராவோக்கே மைக்கைப் பிடித்துக் கத்துவது மட்டும் பெரிய மனுஷன் வேலை.

7 ஜனவரி

ஓபிஸ் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வருகிற பாலனிடம் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டிக் கேட்டேன். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, உள்ளே இருந்த எதுவும் திரும்ப வராது என்றான். "ஓடறப்ப தட்டினாங்களா? யாருக்கா அது?" என்று வேறு கேட்டான். சொல்லவே வெட்கமாக இருந்தது.

10 ஜனவரி, சனி

பேப்பரில் வந்த விளம்பரங்களை வெட்டி மேசையில் பரப்பினேன். போன ஜூலையில் இருந்த விலையா இது! நம் மலேசிய வெள்ளியின் மதிப்பு விழ விழ டிஸ்க் விலை ஏறுகிறது. போன வார விளம்பரத்துக்கும் இந்த வார விளம்பரத்துக்குமே நாற்பது வெள்ளி வித்தியாசம்.

3.2 ஜிகா வாங்க ஆசை. ஆனால் என் கம்ப்யூட்டரின் பழைய போர்டு 2.1 ஜிகாவுக்கு மேல் கண்டுகொள்ளாது என்று பாலன் சொல்லிவிட்டான். 1.2 மலிவு. ஆனால் கிறிஸ்மஸுக்கு வாங்கி இன்னும் பிரிக்காத புதுக் கேம் வந்து உட்கார்ந்தால் பாதி இடம் போய்விடும், ஆறு மாதத்தில் மறுபடி இதே அழுகை. செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம், யார் தட்டினதோ. ஆக 2.1, புதுசு. எந்தக் கம்பெனி, குவாண்டமா சீகேட்டா என்பதைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம். போனஸில் பாதி போய்விடும். போகட்டும், போனஸ் என்னுடையதுதானே.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற இம்பி பிளாசாவுக்கு நானே போகிறேன் என்றேன். அண்ணன் விடவில்லை. "நீ போனா பொம்பளைன்னு பாத்து தலையில மொளகா அரைச்சிடுவான். அங்க எனக்குத் தெரிஞ்ச கடைக்கார பாஸ் இருக்கான். காச குடு, வாங்கியாறேன்." கணக்கு முடிகிறவரை எனக்குச் சனிக்கிழமையும் ஓபிஸ். கொடுத்தேன். 2.1, புதுசு, பெட்டியோட, என்று மூன்று தடவை சொன்னேன்.

15 ஜனவரி

இன்னும் போகவில்லை. "நாளைக்குலா, நாளைக்குலா." ஒவ்வொரு நாளைக்கும் விலை ஏறுகிறது என்று இவனுக்கு யார் சொல்வது?

18 ஜனவரி, ஞாயிறு

கொண்டுவந்தான். பழைய பேப்பரில் சுற்றி! பெட்டி இல்லை, உறை இல்லை. திருப்பிப் பார்த்தால் 540 எம்பி. ஜிகா இல்லை. எம்பி.

"என்னாண்ணே இது?"

"வெல ஏறிப்போச்சி கெர்ட்டி. டாலர் எங்க நிக்கிதுன்னு பாத்தியா? உனக்கு இது போதும்லா. லெட்டர் அடிக்க, கணக்குப் போட."

"நான் கேம் வெளையாடத்தானே வாங்கச் சொன்னேன்?"

"அதான் நானும் சொல்றேன். கேமுக்குத்தானே."

அண்ணனே என் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டினான். விண்டோஸும் கணக்கு வேலைகளும் ஏறியதும் மூச்சு முட்டுகிறது. புதுக் கேம் இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

உனக்கு இது போதும். இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். உனக்கு ஐந்தாம் படிவம் போதும் — அண்ணனுக்கு மட்டும் காலேஜ். சமையலறைக்குப் பக்கத்து அறை போதும், நீ ஒரு ஆள்தானே. கல்யாணமா, வருகிற இடம் போதும் என்றார்கள். வந்த இடத்துக்கு நான் போதவில்லை. அது கிடக்கட்டும். யாருக்கு எவ்வளவு போதும் என்று அளந்து ஊற்றுகிற கரண்டியை இவன் கையில் யார் கொடுத்தது? நான் சம்பாதிக்கிறேன். வீட்டுச் செலவில் பாதி போடுகிறேன். என் காசில் எனக்கு ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் அதற்கும் இவன் அளவா?

மிச்சக் காசு எங்கே என்று கேட்டேன். "தரேன், தரேன்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் தேடிப் போய்விட்டான்.

25 ஜனவரி, ஞாயிறு

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

பூசை முடிவில் அறிவிப்பு. எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் லெஸ்லி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். "நம் ஆலய அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்த சகோதரர் பேசில் குடும்பத்தாருக்கு நன்றி." இரண்டு புள்ளி ஒன்று ஜிகா என்று அதையும் விடாமல் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் பாதி எழுந்து, தலையைக் குனிந்து, பாதி உட்கார்ந்தான். அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது.

நானும் கை தட்டினேன். அதுதான் பொறுக்கவில்லை! விஷயம் மண்டையில் ஏறுவதற்குள் கை தட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "அது என் டிஸ்க்கா?"

"கோயில் டிஸ்க் நெறஞ்சி போச்சின்னு ஃபாதர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கவுன்சில் மீட்டிங்ல நான் பாத்துக்கறேன்னு வாய விட்டுட்டேன். அன்னைக்குப் போறேன், வெல அப்படி ஏறிக் கெடக்கு. ஒன்னுதான் வாங்க முடிஞ்சிச்சி."

"என் காசுல?"

"நம்ம வீட்டுக் காசுதானே கெர்ட்டி. கோயில் பழசு சும்மா கெடந்திச்சி. உனக்குக் கேம் வெளையாட அது போதும்னு—"

அதற்கு மேல் நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள், அது மட்டும் கேட்டது.

எனக்கு வாங்கியதைக் கோயிலில் மாட்டியிருக்கிறான். கோயில் கழித்துப் போட்டதை எனக்கு மாட்டியிருக்கிறான். நன்றி மட்டும் அவனுக்கு. இனிமேல் இந்த நோட்டில் அண்ணன் கிடையாது. பேசில்.

28 ஜனவரி

சீனப் பெருநாள் லீவு. பேசில் ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கிவந்து என் அறை வாசலில் வைத்தான். அங்கேயே இருக்கிறது.

3 பிப்ரவரி, செவ்வாய்

ஓபிஸ் முடிந்து நேரே ஃபாதர் லெஸ்லியைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது, பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஞானஸ்நானப் பதிவுகளை எல்லாம் அதில் ஏற்றியாகிவிட்டதாம், பாட்டுப் புத்தகமும் ஏறிக்கொண்டிருக்கிறதாம். "கழட்டிட்டா மறுபடி மொதல்லேர்ந்து அடிக்கணுமேம்மா. உனக்கு எதுக்கு அது? ஓபிஸ் வேலைக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் உடனே கழற்றியும் கொடுத்திருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் காசு, என் பொழுது.

"வெளையாட, ஃபாதர்."

சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்புத்தான். "ஆண்டவர் உனக்கு ரெட்டிப்பாக் குடுப்பாரும்மா."

"நான் ஆண்டவர்கிட்ட காசு குடுக்கல ஃபாதர். பேசில்கிட்டதான் குடுத்தேன்."

வீட்டு விஷயம், வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் பேசித் தீர்கிற விஷயமாக இருந்தால் நான் ஏன் மழையில் நனைந்துகொண்டு அங்கே போகிறேன்?

12 பிப்ரவரி

பேசில் சொல்கிறான்: "அடுத்த போனஸ்ல வாங்கிக்கயேன்." இந்த வருஷம் போனஸே இருக்காது என்று ஓபிஸில் பேசிக்கொள்கிறார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

20 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

செய்துவிட்டேன்.

இந்த மாத ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். ஹால் நிறைய ஆட்கள், பாதிப் பேர் தரையில். ஜெபமாலை முடிந்தது. ஜெபத்தை நடத்துகிற ரோசலின் ஆன்டி, ஆலயத்துக்கு அள்ளிக் கொடுக்கிற பேசிலைப் போன்ற பிள்ளைகளுக்காக நன்றி சொன்னார். பேசில் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டான். நான் ஜெபமாலையை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அப்புறம் மன்றாட்டு. ஒவ்வொருவராகத் தங்கள் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் மகன் வேலைக்கு, ஒருவர் முழங்கால் வலிக்கு. என் முறை வந்தது. முன்னாலேயே யோசித்து வைக்கவில்லை, சத்தியமாக. வாய் தானாகத் திறந்தது.

"என் போனஸ் காசில் எனக்கென்று வாங்கிய ஹார்ட் டிஸ்க்கைத் தன் பெயரில் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, கோயிலின் பழைய டிஸ்க்கை எனக்குக் கொடுத்த என் அண்ணன் பேசிலுக்கு நல்ல புத்தி தரும்படி, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லோரும் சொன்னார்கள்! வாய்ப் பழக்கம். அண்ணி சொன்னார். பேசிலும் சொன்னான், நல்ல கணீர் குரலில். சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ரோசலின் ஆன்டி அடுத்த ஆளைக் கூப்பிடாமல் நேரே கடைசியில் சொல்கிற பரலோக மந்திரத்துக்குத் தாவிவிட்டார். அண்ணி பிரட்டி வைத்திருந்த மீகூன் நூடுல்ஸை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

21 பிப்ரவரி

"மானத்த வாங்கிட்டியே கெர்ட்டி. ஜெபத்துலயா இதெல்லாம்?" — அண்ணி.

"பூசையில அறிவிச்சத வேற எங்க அண்ணி நான் திருப்பிச் சொல்றது?"

அண்ணி சமையலறைக்குப் போய்விட்டார். பேசில் என்னோடு பேசுவதில்லை. காராவோக்கே மேல் துணி போட்டு மூடியிருக்கிறான்.

கடவுளைச் சண்டைக்குள் இழுத்தேனா? இழுத்தேன். முதலில் இழுத்தது நான் இல்லை.

25 பிப்ரவரி, விபூதிப் புதன்

தவக்காலத்தில் எதையாவது விட வேண்டும். கோயில் வாசலில் ரோசலின் ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோபத்த விட்டுடும்மா" என்றார். நெற்றியில் சாம்பலோடு நின்றுகொண்டு, "மொதல்ல டிஸ்க் வரட்டும் ஆன்டி" என்றேன். காபிக்குச் சீனியை விட்டிருக்கிறேன். கசக்கிறது.

28 பிப்ரவரி, சனி

ஓபிஸ் கணக்கு முடிந்து முதல் முழு லீவு. காலையில் பேசில் கார் சாவியோடு என் அறை வாசலில் நின்றான். "கெளம்பு. இம்பிக்கு."

பாதி வழியில் சிக்னலில் காரை நிறுத்தினான். அப்புறம், "ஃபாதர் போன் பண்ணாரு" என்றான்.

"என்னா சொன்னாரு?"

"உன் மன்றாட்டு அவர் காதுக்கும் போயிடுச்சாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்கார பாஸ் என்னைப் பார்க்கவே இல்லை. பேசிலிடம்தான் எத்தனை ஜிகா, என்ன வேலைக்கு என்று மலாயில் கேட்டார். பேசில் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றான். "இவங்கள கேளு பாஸ். இவங்கதான் வெளையாடறவங்க."

சொன்னது மலாயில்தான். ஆனாலும் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை சிரிப்பில்லாமல் வந்து நான் கேட்டதே இல்லை.

பாஸ் 3.2-ஐ என் தலையில் கட்டப் பார்த்தார், பழைய போர்டையும் ஏமாற்றிப் படிக்க வைக்கிற சாப்ட்வேர் இருக்கிறதாம். அப்புறம் பெட்டியில்லாத ஒன்றை எடுத்து, மலிவு என்றார். 2.1, புதுசு, பெட்டியோடு என்றேன். ஒட்டிய சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். விலை மறுபடி ஏறியிருந்தது. முழுவதையும் பேசில்தான் கட்டினான், முகம் சுளித்துக்கொண்டேதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. நன்றி என்று என் வாயிலும் வரவில்லை.

1 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். பேசில் பழக்க தோஷத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிண்ணே."

எழுந்தான். நானே திருகாணியை முடுக்கினேன், நானே வயரைச் சொருகினேன். அவன் டார்ச் பிடித்தான். இந்தத் தடவை யாரும் எதையும் தட்டவில்லை. விண்டோஸ் ஏறிக்கொண்டே வந்து பாதியில் நின்று, யாருடைய கம்ப்யூட்டர் இது, பெயர் என்ன என்று கேட்டது.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டது. அன்று நாற்காலியில் இருந்தது பேசில். அவன் பெயரைத்தான் அடித்திருந்தான். நான் பின்னால் டீ தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், காசு கொடுத்தவள் நான் என்பது எனக்கே மறந்துபோன மாதிரி.

ஓபிஸில் நாள் முழுக்கத் தட்டுகிற கைதான். இதற்கு மட்டும் மெதுவாகப் போனது. கெர்ட்ரூட். எழுத்து சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்ததை அழுத்தினேன்.