இடக்கை வில்

மார்ச் 4, செவ்வாய்

வில்வித்தை வகுப்புக்கென்று வாங்கிய வில் வந்துவிட்டது. காலை டிரிப் முடித்து, பள்ளி வேனை நிறுத்திவிட்டு வந்து, சாப்பிடாமல்கூடப் பெட்டியைப் பிரித்தேன். நடுவில் பிடிக்கும் தண்டு, மேலுக்கும் கீழுக்கும் இரண்டு வளைந்த பட்டைகள், ஒரு நாண். இவர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று மேல்பட்டையைக் கீழே மாட்டினார். "இந்த வயசுல வேட்டைக்கா போகப்போற?" என்று கிண்டல் வேறு. முதல் அம்பு உங்களுக்குத்தான் என்றேன்.

நாண் ஏற்றும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டேன். தெறித்து முகத்தில் அடித்துவிடுமோ? கண் பத்திரம், கண் பத்திரம் என்று சொல்லிக்கொண்டே ஏற்றினேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொந்த வில்லில் முதல் வகுப்பு. எய்த அம்பெல்லாம் இடப்பக்கம். மஞ்சள் வட்டம் பாட்டுக்கு நடுவில் இருக்கிறது, என் அம்புகள் ஓரமாகக் கூட்டம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. வில்லில்தான் கோளாறு என்று நாண் நிற்கும் உயரத்தை அளந்தோம். அம்பு மாட்டும் முடிச்சை ஏற்றி இறக்கினோம். ம்ஹும்.

சொல்லித்தருகிறவள் என் மகள் வயதுக்காரி. கைகளை நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, இரண்டு கண்ணாலும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். கை எந்தக் கண்ணுக்கு வருகிறதோ, குறி பார்ப்பது அந்தக் கண்தானாம். கை இடது கண்ணுக்கு வந்தது.

"அய்யோ ஆன்ட்டி, உங்களுக்கு இடது கண்ணு! அதுக்கு இடக்கை வில்லுதான் சரி. நான் வலக்கை வில் வாங்க வச்சிட்டேனே!"

டிசம்பரில், முதல் வகுப்பிலும் இதே சோதனைதான். அன்றைக்கு வலது கண்ணுக்கு வந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"கண்ணு மாறுமாம்மா?"

"சும்மா மாறாது ஆன்ட்டி. அன்னைக்கு நான் சரியா கவனிக்கல போல."

இல்லை. அவள் கவனித்தாள்.

மார்ச் 10, திங்கள்

காலையில் குளியலறையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். சுவர் ஓடுகளின் கோடு நடுவில் நெளிகிறது. கண்ணாடியில் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தூசியாக இருக்கும் என்று கண்ணைக் கழுவினேன். மறுபடி பார்த்தேன். மூக்கு இல்லை.

அப்புறமும் வேனை எடுத்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாம் தெரிகிறதே — எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். சிக்னலில் நின்றபோது இடது கண்ணைப் பொத்தினேன். சிவப்பு விளக்கைக் காணோம். வேனில் பின்னால் அத்தனை பிள்ளைகள்.

எனக்கு நேர் பின் சீட்டில் ஒரு வாண்டு. 'கேள்விக்குறி' என்றுதான் கூப்பிடுவேன், வாயே மூடாது. "ஆன்ட்டி, ஏன் ஒத்தைக் கண்ணால பாக்குறீங்க?"

"கண்ணாமூச்சி ஆடுறேன், கண்ணு."

எல்லாரையும் இறக்கிவிட்டதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

மார்ச் 11, செவ்வாய்

வயிற்றுவலி என்று லீவு சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். கிண்டல் செய்யவில்லை. அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "கண்ணுக்குள்ள பின்பக்கம் திரை மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுல சரியா நடுவுல ஓட்டை விழுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணி மூடலாம். எப்பலேர்ந்து இப்படி?"

தெரியாது. தெரியவே தெரியாது! இடது கண் நல்லபடியாக இருக்கவே, அது பாட்டுக்கு மூடி மறைத்திருக்கிறது. எத்தனை நாள் ஓட்டினேன்? வலப்பக்கம் ஏதாவது பிள்ளை குறுக்கே வந்திருந்தால்? வில் மட்டும் வாங்காமல் இருந்திருந்தால்? வேண்டாம். யோசிக்காதே.

"வேன் ஓட்டலாமா டாக்டர்?"

"பிள்ளைங்க வேனா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 14, வெள்ளி

தலைமையாசிரியை மேஜையில் சாவியை வைத்தேன். திங்கட்கிழமை ஓட்டியதையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து அழுதேன்.

மார்ச் 22, சனி

ஆபரேஷன் முடிந்தது. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கண்ணுக்குள் காற்றுக் குமிழி விட்டிருக்கிறார்கள். அது ஓட்டையை அழுத்திக்கொண்டே இருக்க, முகம் தரையைப் பார்த்தே கிடக்கவேண்டுமாம். சாப்பாடும் அப்படித்தான். இவர் முகத்தைப் பார்த்து மூன்று நாளாகிறது, கால்தான் தெரிகிறது. நகம் வெட்டுங்கள் என்றேன். சிரித்தார். சிரித்த மாதிரி சத்தம் கேட்டது.

மூடாவிட்டால்? இடது கண்ணும் இப்படி ஆனால்?

மார்ச் 23, ஞாயிறு

பயமாயிருக்கு. வேற என்னத்த எழுத.

மே 18, ஞாயிறு

ஓட்டை மூடிவிட்டது. கோடு இன்னும் கொஞ்சம் நெளிகிறது. இதற்குமேல் பார்வை வந்தால் லாபம் என்கிறார் டாக்டர். வேன் ஓட்டக்கூடாது, அது முடிவு.

வில் சொல்லித்தரும் பெண் இடக்கைத் தண்டு ஒன்று மாற்றி வாங்கி வைத்திருந்தாள். பட்டையும் நாணும் பழையதே. "அன்னைக்கு நீ சரியாத்தாம்மா பாத்த" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. இனி இடது கையால் இழுக்கவேண்டும். அந்தக் கைக்கு ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிக்க வராது. அம்பு பலகையைத் தாண்டிப் போனது. மேல்பட்டை மேலேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. வேனில் போனேன், பின் சீட்டில். பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சாலை தாண்டவைக்கும் வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேள்விக்குறியை என் இடப்பக்கம் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டேன். கழுத்தை முழுசாகத் திருப்பி வலப்பக்கம் பார்த்தேன். சாலை காலி. நம்பிக்கை வரவில்லை, மறுபடி பார்த்தேன். புது டிரைவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.

"ஆன்ட்டி, இன்னைக்கும் கண்ணாமூச்சியா?"

"இல்ல கண்ணு, அது முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பார்த்தேன்.