பத்தொன்பது விநாடி இருட்டு

18 ஜூன் 1987, வியாழன்

சாரல் தொடங்கிவிட்டது. முந்தாநாள் துவைத்த உள்பாவாடை இன்னும் ஈரம். அதையே கட்டிக்கொண்டு இலஞ்சியில் பஸ் ஏறிப் பாலிடெக்னிக் போனேன். நாள் முழுக்க இடுப்பில் ஜில்லென்று இருந்தது.

துறைத்தலைவர் ராமசேஷன் சார் கூப்பிட்டு அனுப்பினார். குற்றாலம் சாரல் விழாப் பொருட்காட்சியில் நம் பாலிடெக்னிக் ஒரு விண்கலம் வைக்கப் போகிறதாம். ஆறடி நீளம், உடம்பெல்லாம் எல்.இ.டி. விளக்கு. கோவில் கொடைவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் செட் மாதிரி இருக்கக் கூடாது, கம்ப்யூட்டர் சிப் வைத்து ஓட்ட வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

"நாம பண்ணிடலாம் நீலா" என்றார் சார். அவர் 'நாம' என்றால் நான் என்று பொருள். ஒப்பந்த ஆசிரியையாக வந்து மூன்று வருடம், இந்த அகராதியில்தான் குடித்தனம்.

23 ஜூன்

ஒர்க்‌ஷாப் மசூது அண்ணன் உடம்பு கட்டித் தருகிறார். தகரப் பீப்பாயும் எவர்சில்வர் புனலும் சேர்ந்தால் விண்கலம் என்று இன்றுதான் தெரிந்தது. இறக்கைக்குப் பழைய அறிவிப்புப் பலகை. உள்பக்கம் 'பீடி புகைக்கக் கூடாது' என்று இன்னும் இருக்கிறது. அப்படியே விட்டுவிடச் சொன்னேன். விண்வெளிக்கும் பொருந்தும்.

27 ஜூன், சனி

கலம் வரும் முன்னே அதன் பெயர்ப்பலகை வந்துவிட்டது. 'வடிவமைப்பு, உருவாக்கம்: ராமசேஷன், துறைத்தலைவர்.' சார் அதைப் பிரின்சிபாலிடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, "நீலாதான் சால்டரிங் எல்லாம் பண்றா" என்றார்.

வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் இந்த மனிதர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதனால் சிரித்தேன். பல் வலிக்கிறது.

2 ஜூலை

மெட்ராசிலிருந்து சிப் வந்தது. கலத்தை ஓட்டுகிற சிப் ஒன்று. அதற்குக் கட்டளை எழுதி வைக்கிற சிப் ஒன்று. இரண்டாவதன் பெயர் ஈப்ராம். அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். புதுச் சிப்பில் எல்லாக் கட்டமும் 1. எழுதும் கருவியில் வைத்தால் வேண்டாத கட்டங்கள் 0 ஆகும். மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் ஜன்னல் வழியாக அல்ட்ரா வயலெட் வெளிச்சம் காட்டி மொத்தத்தையும் அழிக்க வேண்டும். வந்தது ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டால் பொங்கலுக்கு வரும்.

இறக்கை நுனியில் பச்சை ஓட வேண்டும். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாக விழிக்க வேண்டும். இன்ஜின் சிவப்பு, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்க வேண்டும். கோலம் போடுகிற கட்டம் போட்ட நோட்டில் எழுதுகிறேன். கட்டத்தில் புள்ளி இருந்தால் 1, விளக்கு எரியும்; வெறுங்கட்டம் என்றால் 0, அணையும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை புள்ளி வைத்து ஒரு கோடுகூட இழுக்கவில்லையே என்று கவலைப்பட்டாள்.

6 ஜூலை, திங்கள்

ராமசேஷன் சார் இன்று ஒரே ஒரு யோசனை சொன்னார். வாலில் ஒரு வெள்ளை விளக்கு வேண்டுமாம்.

"அது ஒழுங்கா மினுக்கக் கூடாது நீலா. ஏதோ சேதி சொல்ற மாதிரி மினுக்கணும். புரியறதா?"

சொல்லிவிட்டு, தயிர்சாத டப்பாவை மூடி, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தார். சாரல் காற்று. இரண்டு நிமிடத்தில் குறட்டை. மூன்றரை மணிக்கு எழுந்து, "முடிஞ்சுதா?" என்றார்.

வெள்ளையில் எல்.இ.டி. கிடையாது. டார்ச் லைட் பல்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஏதோ சேதி என்றால் என்ன சேதி?

7 ஜூலை

இந்த வேலைக்கு வருமுன் தந்திப் பயிற்சியில் ஆறு மாதம் குப்பை கொட்டியவள் நான். மோர்ஸ் குறியீடு இன்னும் மறக்கவில்லை. நெடில் ஒன்று, குறில் ஒன்று என்று கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தேன். வால் விளக்கு இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொல்லும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

நீலா செய்தது.
ராமசேஷன் தூங்கினார்.

முதலாவதற்குப் பதினைந்து விநாடி, இரண்டாவதற்குப் பத்தொன்பது. பிறகு மறுபடி முதலிலிருந்து. குளிக்க வருகிற கூட்டத்தில் யார் தந்தி படிக்கப் போகிறார்கள்? எண்ணெய் வழியும் கண்ணோடு 'அழகா இருக்குல்லா' என்பார்கள். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

எழுதி முடித்து ரொம்ப நேரம் சிரித்தேன். அம்மா காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

10 ஜூலை

ஓடுகிறது. முதல் தடவையே ஓடுகிறது. இன்ஜின் மூச்சு விட்டபோது மசூது அண்ணன் இரண்டு அடி பின்வாங்கினார். பிரின்சிபால் வந்து பார்த்தார். வால் விளக்குதான் கலத்துக்கே உயிர் என்றார்.

"அது மட்டும் என்னோட ஐடியா சார்" என்றார் ராமசேஷன்.

அவருக்குப் பின்னால் வால் விளக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றேன்.

13 ஜூலை, திங்கள்

செத்தேன்.

25ஆம் தேதி விழாவுக்குத் தலைமை விருந்தினர் முடிவாகிவிட்டது. ஞானபாக்கியம் அம்மா. முப்பது வருடம் தந்தி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுக் கட்டாகத் தந்தியைக் காதாலேயே கேட்டு எழுதியவர் என்று பிரின்சிபால் பெருமையாகச் சொன்னார். மேடையில் முதல் நாற்காலி. எதிரே விண்கலம்.

மசூது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வால் ஒயர வெட்டி விட்டுருவமா?"

"பிரின்சிபால் அதத்தான் முதல்ல கேப்பாரு அண்ணே. சாரு அவரு ஐடியான்னு வேற சொல்லிட்டாரு."

"அப்ப அந்த மனுசன் ஒங்கள உடமாட்டாருல்லா."

விடமாட்டார்தான். கையெழுத்தும் போடமாட்டார். யாருக்கு வேண்டும் இந்த வாய்க்கொழுப்பு? வாய்கூட இல்லை, விளக்குக் கொழுப்பு.

14 ஜூலை

சிப்பை அழிக்கிற அல்ட்ரா வயலெட் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பல்பு பியூஸ். புதிது வர ஒரு மாதம். நேரடி வெயிலில் ஒரு வாரம் வைத்தாலும் அழியும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

வெயில். ஜூலை மாதத்தில். தென்காசியில். புத்தகம் எழுதினவன் இந்தப் பக்கம் வந்ததில்லை போலும். காலையிலிருந்து சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஊரே இந்த மேகத்தைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது, நான் ஒருத்தி திட்டிக்கொண்டிருக்கிறேன்.

15 ஜூலை, புதன்

அரைநாள் விடுப்பு. சிப்பைச் சோப்புப் பெட்டியில் வைத்து வாசுதேவநல்லூர் பஸ் ஏறினேன். உலகம்மாள் அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர். சாரல் அதுவரை எட்டாது. புளியங்குடி தாண்டியதும் சுள்ளென்று வெயில். சந்தோஷத்தில் பக்கத்து ஆச்சியிடம், "நல்ல வெயில்லா?" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

அக்கா மொட்டைமாடியில் முறத்தில் சுண்டைக்காய் வற்றல் காயப் போட்டிருந்தாள். அதே சுளகின் ஓரத்தில் சிப்பை வைத்தேன்.

"ஏட்டி, இது என்னட்டி? பூரானா?"

"பூரான்னே வச்சுக்கோ. ஒரு வாரம் நல்லாக் காயணும். தொலைச்சுராத."

"நீ காயப்போட்டதையா தொலைக்கப் போறேன். கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன், போ."

18 ஜூலை

சிப் எங்கே என்று சார் கேட்டார். சோதனையில் இருக்கிறது என்றேன். பொய் இல்லை. நானும் அதில்தான் இருக்கிறேன்.

20 ஜூலை

இங்கே மழை.

23 ஜூலை, வியாழன்

போய் எடுத்து வந்தேன். எட்டு நாள் வெயில், மேகமே இல்லை என்று அக்கா சத்தியம் செய்தாள். சுளகில் சிப் கவிழ்ந்து கிடந்தது, ஜன்னல் கீழே, கால்கள் வானத்தைப் பார்த்து.

"எப்ப கவுந்துது?"

"நான்தான் கவுத்துனேன். மொத நாளே. அந்தக் கண்ணாடி பளபளன்னு மின்னுதுல்லா, காக்கா வந்து வந்து பாக்குது. தூக்கிட்டுப் போயிரக்கூடாதேன்னு நீ போன கையோட கவுத்திப் போட்டேன். நல்லாத்தான காஞ்சிருக்கு?"

வயிறு நன்றாகத்தான் காய்ந்திருந்தது. அவளைத் திட்ட வாய் வரவில்லை. எட்டு நாளும் மணிக்கொரு தரம் மாடியேறிக் காவல் காத்திருக்கிறாள். வற்றலில் இரண்டு படி கட்டிக் கொடுத்தாள்.

லேபுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட அழியவில்லை. நீலா செய்தது. ராமசேஷன் தூங்கினார். விழா நாளை மறுநாள்.

24 ஜூலை, வெள்ளி

அழுதேன், ஒளிப்பதற்கு என்ன. பிறகு கோல நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி, வெறுங்கட்டம், புள்ளி, வெறுங்கட்டம். 

அப்புறம்தான் உறைத்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெயில் எதற்கு? 0 வை 1 ஆக்கத்தான் வெயில் வேண்டும். 1 ஐ 0 ஆக்க எழுதும் கருவியே போதும். எரிகிற கட்டத்தை எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று பசங்களுக்குப் பாடம் எடுத்து எடுத்து எனக்கே அதைத் தவிர வேறு தோன்றவில்லை.

பதினாறு பைட், அதாவது நூற்று இருபத்தெட்டுக் கட்டம். எல்லாவற்றையும் 0 ஆக்கினேன். இரண்டாவது வாக்கியம் போய்விட்டது. அந்தப் பத்தொன்பது விநாடியும் வால் விளக்கு இருட்டாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் வாக்கியத்தையும் அணைத்துவிட்டால் எந்த ஆபத்தும் இல்லை. பிறகு கலம் முழுக்க அவருடையது, பலகையில் உள்ளபடி. வேலையும் தப்பும். பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு இருந்தேன். மசூது அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதுல பொய்யி ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பொறவு என்ன?"

கையை எடுத்துவிட்டேன்.

25 ஜூலை, சனி

அருவிச் சத்தத்தில் மைக் பாதி கேட்கவில்லை. ஞானபாக்கியம் அம்மா ஸ்விட்சைப் போட்டார். பச்சை ஓடியது, ஜன்னல்கள் விழித்தன, இன்ஜின் மூச்சு விட்டது. கூட்டம் ஓவென்றது. எனக்கு அவர் வலது கை மட்டும்தான் தெரிந்தது. சும்மாதான் இருந்தது. பிறகு வாலைப் பார்த்தார். நாற்காலிக் கையில் ஆள்காட்டி விரல் தட்ட ஆரம்பித்தது. ஒரு சுற்று. இருட்டு. விரல் காத்திருந்தது. மறுபடி ஒரு சுற்று.

மைக்கை வாங்கினார்.

"பேச்செல்லாம் இருக்கட்டும். இந்த வால் விளக்கு தந்தி அடிக்குது. நீலா செய்ததுன்னு சொல்லுது. ஆரு அந்த நீலா? கொஞ்சம் முன்னால வாம்மா."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினேன். பிரின்சிபால் பலகையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பிறகு ராமசேஷன் சாரைப் பார்த்தார்.

சார் ஒரு நொடிதான் விழித்தார். எழுந்து கைகூப்பினார்.

"கண்டுபிடிச்சுட்டேளே மேடம். கீழ வேலை பாக்கறவாளை ஊக்குவிக்கணும்னு நான்தான் அப்படி ஏற்பாடு பண்ணினேன். ஒரு ஸர்ப்ரைஸ்."

கைதட்டல் அருவியையே அமுக்கிவிட்டது. மசூது அண்ணன் கலத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார், அவர் தோள் குலுங்கியது. மேடையில் ஞானபாக்கியம் அம்மா எனக்குச் சால்வை போர்த்தினார்.

"அந்த இருட்டு எடத்துல ஒரு பதினஞ்சு எழுத்து இருந்திருக்கும்போல" என்று காதோரம் கேட்டார்.

"ஆமா மேடம்."

"என்னன்னு நான் கேக்கல" என்றார்.

3 ஆகஸ்ட்

பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். எல்லார் முன்னாலும் ஊக்குவித்தவர், கடிதத்தில் ஊக்குவிக்காமல் இருக்க முடியுமா? ராமசேஷன் சார் கையெழுத்துப் போட்டார். பேனா மட்டும் இரண்டு தடவை எழுதவில்லை.

21 ஆகஸ்ட், வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. அம்மா இலஞ்சிக் குமாரருக்குப் பால்குடம் எடுக்கப் போகிறாளாம். அக்காவுக்கு எழுதினேன். அவள் வெயிலில் காய வைத்ததால்தான் எல்லாம் நடந்தது என்றும் எழுதினேன். ஒருவகையில் நிஜம்தான்.

மத்தியானம் சார் தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு என் மேஜைக்கு வந்தார். விண்கலம் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

"எல்லாம் சரி நீலா. வால் விளக்கு நடுவுல பத்தொன்பது, இருபது விநாடி அணைஞ்சே கெடக்கே, அது எதுக்கு?"

"அது கலம் தூங்குத நேரம் சார்."

கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"பேஷ். நல்ல ஐடியா. அதையும் என்னோடதுன்னு போட்டுடு" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போனார்.

போட்டுவிட்டேன்.