ஊசி நின்றபின் வந்த பயம்

அக்கா, இன்று காலை மருத்துவமனையில் தாதியரான எங்களுக்கு ஒரு வகுப்பு. பக்கத்து அறையில் யாரோ ஸ்பிரிட் போத்தலைத் திறந்திருக்க வேண்டும். அந்த மணம் வந்ததும் நான் வவுனியாவில் இல்லை. மல்லாவியில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில், உங்கள் கட்டிலருகே நின்றேன்.

முல்லைத்தீவுக் கரையில் நீங்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தபோதுதான் செல் குண்டு விழுந்தது. உங்கள் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அத்தான் ஏற்கெனவே கடலோடு போய்விட்டார். உங்களுக்கு இருந்தது நடை பழகியிருந்த ஜெனிற்றா மட்டும்தான். புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வெட்டினார்கள். மாதக்கணக்காக நோவை அடக்கும் பெதடின் ஊசிதான் உங்களை உறங்கவைத்தது.

பிறகு போர் எல்லையான ஓமந்தைக்கு அப்பாலிருந்து மருந்து வருவது நின்றது. வியர்த்து, நடுங்கி, வயிற்றால் போய் நீங்கள் பட்ட பாடு சில நாட்களில் அடங்கியது. பயம் மட்டும் அடங்கவில்லை. சிரட்டை உருண்டாலே உடம்பு தூக்கிப்போடும். மகள் அழுதால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வீர்கள். ஓடிவந்து கட்டிப்பிடித்தவளை ஒருநாள் இரு கைகளாலும் தள்ளிவிட்டீர்கள். கால் போன துக்கம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஃபாதர் வந்து தலையில் கைவைத்துச் செபித்தார்.

“நோவு இல்லையடி, பயம்,” என்றீர்கள் என்னிடம். “எதுக்கெண்டு கேட்டா சொல்லத் தெரியேல்லை. என்ர பிள்ளையின்ர சத்தத்துக்கே நெஞ்சு வெடிக்குது.”

மாரிக்கு முன் மருந்து வந்தது. புண்ணை மறுபடி வெட்ட வேண்டும் என்றார் டொக்டர். பெதடின் ஊசியைக் கண்டதும் உங்கள் முகம் இளகியது. பிறகு கையை இழுத்துக்கொண்டீர்கள்.

“வேண்டாம் டொக்டர். அது பயத்தைக் கொண்டுபோகும், பிறகு இன்னும் கூட்டிக்கொண்டு வரும். எனக்குப் பிள்ளையைத் தூக்கவேணும்.”

புண்ணைச் சுற்றி விறைப்பூசி மட்டும் போட்டார்கள். அது அரைகுறையாய்த்தான் விறைத்தது. நீங்கள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள்.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு பின்னேரம், ஜெனிற்றா தானாகவே வந்து உங்கள் மடியில் ஏறினாள். உங்கள் கழுத்து நரம்பு துடித்தது. ஆனால் தள்ளவில்லை. அவள் உறங்கும்வரை அசையாமல் இருந்தீர்கள். அதற்குப் பிறகு வந்த மாரியில் மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறி, உங்களைக் கொண்டுபோயிற்று.

இன்று வகுப்பில் சொன்னார்கள்: பெதடின் போன்ற அபின் வகை மருந்து நெடுங்காலம் உடம்பில் ஓடினால், பதற்றத்தின் சேதியை வாங்குகிற மூளை ஏற்பிகளே மாறிப்போகுமாம். மருந்து நின்ற பிறகும் சின்னச் சத்தத்துக்குக்கூடப் பேராபத்து வந்ததுபோல் அவை துடிக்குமாம். உங்கள் மனசு பழுதாகவில்லை, அக்கா. இதை உங்களுக்குச் சொல்ல அன்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஜெனிற்றாவைத் தேடிப் போனேன். அவளும் இப்போது ஒரு தாய். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மாவுக்கு என்னில வெறுப்பெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான், சின்னம்மா.”

நீங்கள் தள்ளியது, அக்கம்பக்கத்தார் சொல்லிச் சொல்லி, அவளுக்கு நினைவிருக்கிறது. உங்கள் மடியில் உறங்கியது நினைவில்லை. அதைக் கண்ட சாட்சி நான் ஒருத்திதான், அக்கா. நான் இருக்கும்வரை அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.