நீ கழற்றி வைத்த வளையல்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீ சிரிக்கக்கூடாது. மகளுக்கு இன்னும் வயிற்றில் ஒன்றும் இல்லை. அதற்குள் அவள் வளைகாப்புக்கென்று இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருந்தேன். இன்று காலை அரிசி அளக்கும்போது அந்தப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் சொன்னாள்: "எம்மா, கொழந்த வேணாம்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணிட்டோம்."

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "அப்போ இன்னா, பூனை வளக்கப் போறீங்களா? தொட்டில் நான் வாங்கித் தரேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நம்ம மாடில ஒரு கொழந்த தவழ்ந்தா முட்டி இன்னா கலர்ல இருக்கும்னு சித்தி கேக்குமே, ஞாபகம் இருக்கா? பதில் சொல்லு" என்றாள்.  போனை வைத்தவள், அப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவே இல்லை.

அது உன் கேள்வி. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரி நம் மொட்டை மாடிகளில் படிந்திருக்கும். பெருக்கி முடித்த மறுநிமிடமே கறுத்த உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவாய். "இருக்கிற புள்ளைங்களுக்கே நல்ல தண்ணி இல்ல, நல்ல காத்து இல்ல. இதுல நான் ஒண்ணப் பெத்து வுடணுமா?" என்பாய். உன்னால் பெற முடியவில்லை, அதை மறைக்கத்தான் இந்தப் பேச்சு என்று தெருவே நினைத்தது. நானும்தான்.

என் வளைகாப்பில், மகள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, உன்னைப் பிடித்து இழுத்து நான் உட்கார்ந்த மனையிலேயே உட்காரவைத்தேன். பிள்ளை இல்லாதவளுக்கு அப்படி வளையல் போட்டால் சீக்கிரம் உண்டாகும் என்பார்களே. என் கையிலிருந்து ஐந்து வளையலைக் கழற்றி உனக்கு மாட்டி, "அடுத்த வருஷம் நீதாண்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாய். என் காதில் மட்டும், "என் கைய எனக்கே வுட்டுடுடி" என்றாய். மறுநாள் காலை ஷிப்டுக்கு, எதுவும் நடக்காதது போல வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாய்.

நீ சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இதே கரியில்தான் இவள் முட்டியைத் துடைத்துத் துடைத்து வளர்த்தேன். பேரப்பிள்ளை ஆசை இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. ஆனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்காமலே உன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன். இவளிடமும் அப்படி ஆகிவிடுமோ என்று பயம் வந்தது.

மறுபடி போன் போட்டேன். எடுத்தாள்.

"உன் கைய உனக்கே வுட்டுட்டேண்டி" என்றேன்.

"இன்னாமா ஒளறுற? நாஷ்டா துன்னியா?" என்றாள். குரல் இளகியிருந்தது.

வைத்த பிறகு அந்த வளையலில் ஐந்தை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன், உன் ஞாபகமாக. மகள் கை அளவுக்கு வாங்கியவை. சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன், கழலவில்லை. அப்படியே வேலைக்குப் போனேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என் கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "எத்தனாவது மாசம்க்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார நாற்காலி போட்டார்.