மதினியைக் கொன்ற கேக்

நவம்பர் 6, புதன்

என் தொடர்கதையில் கொலை விழுந்துவிட்டது! காலையில் ஆறாவது அத்தியாயத்தைச் செயலியில் ஏற்றினேன். கேக் கடைக்காரி சௌபர்ணிகாதான் துப்பறிகிறாள். கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை, பெரிய வீட்டில் பிறந்தநாள் விழா. இரண்டு கேக். முட்டை போடாத கேக்கில் விஷம். வெள்ளிக்கிழமை முட்டை தொடாதவள் அங்கே தங்கப்பொண்ணு ஒருத்திதான். தின்றாள், போய்ச் சேர்ந்தாள். வாசகர்கள் ஐயோ ஐயோ என்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தங்கப்பொண்ணு யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரரின் அக்கா, பொன்னழகு மதினி. பெயரை மாற்றிவிட்டேன். மதினி கதை வாசிக்கிற ஆளும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

சாக்கோட்டை யூனியன் ஆபீஸ் விட்டதும் மதினி நேரே இங்குட்டு வந்தாக. எந்தக் கேக்கிலும் முதல் துண்டு அவுகளுக்குத்தான். "ஏலக்காய் கூடிப்போச்சுத்தா." என்றைக்கும் இதே தீர்ப்பு. அப்புறம் டின்னில் ஒட்டிய கருகல் ஓரத்தைக் கரண்டியால் சுரண்டித் தின்பாக. அதில் அப்படி ஒரு ஆசை.

நான் ஓவன் வாங்கப்போறேன் என்றபோது வீட்டில் ஆளாளுக்கு வேண்டாம் என்றார்கள். மதினிதான், "வாங்குத்தா, நான் தின்னு பாத்துச் சொல்றேன்" என்றாக. அவுகளைப் போய் ஏன் கொன்றேன்? வேறு ஆளே கிடைக்கலையா எனக்கு? எழுத உட்கார்ந்தால் அவுக முகம்தான் முன்னால் வந்து நிற்குது, என்ன செய்ய.

நவம்பர் 13, புதன்

மாட்டிக்கிட்டேன். மதினி ஆபீஸில் கூட வேலை பார்க்கும் மாரீஸ்வரி கதையை வாசித்துவிட்டு, "அக்கா, இது ஒங்கள மாதிரியே இருக்கே" என்று காட்டியிருக்கிறாள். மதினி போன் போட்டாக.

"ஏத்தா, என்னையக் கொன்னுபுட்டியாமே?"

நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பே இல்லை. வச்சிட்டாக.

நவம்பர் 15, வெள்ளி

மதினி வரலை.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று கார்த்திகை பிறந்ததும் என் வீட்டுக்காரர் மாலை போட்டாச்சு. தெருவில் பாதி ஆம்பளைகள் சாமிதான். இவுகளிடம் முட்டையில்லாத கேக்கை மதினி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. "அக்காவுக்கு வயிறு சரியில்லையாம்" என்றார். பொய்! நான் சமைத்ததை மதினி ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. இனிமே என் கையால வாங்கித் திங்கவே மாட்டாகளோ? இந்த மனுசன் பாட்டுக்கு, "முட்டை இல்லைல்ல?" என்று கேட்டு முழுசையும் தின்னுட்டாரு. வந்தது பாருங்க எனக்கு ஆத்திரம்!

நவம்பர் 22, வெள்ளி

வந்தாக! உட்காரக்கூட இல்லை.

"ஏத்தா, கார்த்திகை மாசம் முச்சூடும் ஊருல பாதிப்பேரு மாலை போட்டிருக்கான். அவன் எந்தக் கேக்கத் திம்பான்? முட்டையில்லாததத்தான? நீ என்னைய மட்டுமா கொன்ன? கூட்டத்தையே கொன்னுபுட்டியே!"

அடக் கடவுளே. என் புருசன் என் கண் முன்னாலேயே தின்னாரு. எனக்கு உறைக்கலையே!

அப்புறம் குரல் இறங்கிப் போச்சு. "கொன்னதுகூடப் போகுது. செத்துக் கெடக்கேன். எல்லாரும் யாரு கொன்னா, யாரு கொன்னான்னே அலையுறாக. ஒரு ஆளு அழுவலையேத்தா."

தட்டில் வைத்த கேக்கைத் தொடாமலே கிளம்பினாக. வாசலில் நின்று, "கருகல் ஓரத்தத் திங்கிறவ நான் ஒருத்திதான். வெசத்த அங்குட்டு வையி" என்றுவிட்டுப் போனாக.

நவம்பர் 24, ஞாயிறு

ஆறாவது அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். விஷம் இப்போது டின் ஓரத்தில். ஏழாவதில் யாரும் துப்பறியவில்லை. சௌபர்ணிகா பழக்கத்தில் முதல் துண்டை வெட்டித் தட்டில் வைக்கிறாள். கொடுக்க ஆள் இல்லை. கடையைச் சாத்திவிட்டு அழுகிறாள். நானும் அழுதேன். செத்துப்போறதுன்னா இதுதானா? அய்யோ, மதினி நல்லா இருக்கணும்.

நவம்பர் 29, வெள்ளி

சாயங்காலம் செருப்புச் சத்தம். மதினியேதான்.

"மாரீஸ்வரி வாசிச்சுட்டு ஆபீஸ்லயே அழுதுட்டா" என்றாக.

"நீங்க அழுதீகளா மதினி?"

"செத்தவ எப்படிடி அழுவா?" கண் என்னவோ சிவந்துதான் இருந்தது.

டின்னையும் கரண்டியையும் நீட்டினேன். "நீ மொதல்ல ஒரு வாய் தின்னு" என்றாக. தின்றேன். ஒரே கசப்பு. இதை எப்படித்தான் திங்கிறாகளோ! என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டின்னைப் பிடுங்கி மடியில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தாக.

"ஏலக்காய் கூடிப்போச்சுத்தா."

வருவாகளோ மாட்டாகளோ என்ற பதற்றத்தில் இன்றைக்கு நான் ஏலக்காயே போடவில்லை.