கவாத்துக் காட்டில் நான் நீட்டிய பீடி

என் அருமை மச்சான்,

போன இடத்திலாவது மூச்சு வாங்காமல் நடக்கிறீர்களா? இங்கே பந்தலூரில் மழை விட்டபாடில்லை. அக்கா நன்றாக இருக்கிறாள், இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள்.

போன வாரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், புகையை விட உதவி செய்கிற அறைக்கு. ஆமாம், நானேதான். நீங்கள் சிரித்தாலும் எனக்கு வேண்டியதுதான். அங்கிருந்த அம்மா என்னைத் திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி, யாரோடு இருக்கும்போது கை தேடுகிறது என்று பொறுமையாகக் கேட்டார். மெல்லுகிற மருந்து கொடுத்து, கொஞ்சம் மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கச் சொன்னார்.

"நடுவுல ஒண்ணு குடிச்சிட்டா எல்லாம் போச்சுன்னு நெனைக்காதீங்க, மறுபடி இங்க வாங்க. கூட வேலை செய்யறவங்ககிட்ட, எனக்கு நீட்டாதீங்கன்னு இப்பவே சொல்லி வைங்க" என்றார். அதற்கு மேல் என்னால் தலை நிமிர முடியவில்லை மச்சான்.

இதையேதானே நீங்களும் என்னிடம் சொன்னீர்கள்?

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரிசை முடிந்ததும் ஒரே பீடியைப் பற்றவைத்து ஆளுக்கு ஒரு இழுப்பாகச் சுற்றிவிடுவோம். கைக்கு வந்ததை வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்ற மாதிரி. நீங்கள் பீடியை விட்டுவிட்டு, அதே மருந்தை மென்றுகொண்டு இருபது நாள் தள்ளிப்போய் உட்கார்ந்தீர்கள். எனக்கோ பொறுக்கவில்லை. எங்களை மட்டமாக நினைக்கிறீர்கள் என்று தோன்றியது.

"என்னா மச்சான், ஸ்கூல் புள்ள மாதிரி பபுள்கம் மெல்லுறீங்க? எங்க அக்கா வேணும், நான் குடுக்குற பீடி வேணாமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"விட்டுரு மாப்ள, எனக்கு நீட்டாத. நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்" என்றீர்கள்.

நான் விடவில்லை. உதட்டருகே கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் நீங்களாகவே வந்து எங்களோடு உட்கார்ந்தபோது ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. சீ, நானும் ஒரு மனுஷனா?

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம் அக்கா சொல்கிறாள்: "எம்மேல பாசம் இருந்திருந்தா விட்டிருப்பாரு தம்பி. அந்த மனுசனுக்கு மனசு வரல." நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். இருமி இருமிக் கிடந்த நாளில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே, ஏன் மச்சான்? என் மேல் கோபமே வரவில்லையா?

இந்த வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லி, துணைக்கு வீட்டில் யாராவது வருவார்களா என்று அந்த அம்மா கேட்டார். அக்கா வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "நீயாச்சும் பொழைச்சுக்கடா" என்று வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவைத்துவிட்டாள். என்னை நல்லவன் என்று நம்பி வருகிறவளை எப்படி அந்த அறையில் உட்கார வைப்பேன்?

புதன்கிழமை அவள் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அதன் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். பரவாயில்லை, தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்கிறேன். புருஷனுக்குத் தன் மேல் பாசமில்லை என்று மட்டும் அவள் இனி ஒரு நாளும் அழ வேண்டாம்.

அந்த உறவுக்கு இன்னும் தகுதியில்லாத,
உங்கள் மச்சினன்
ராசு